பழமொழி ஒரு வாதமா? ரம்புட்டானில் தொடங்கி வவ்வாலில் வந்து நிற்கும் இழை

2024 செப்டம்பர் 9, வாசகர் கேள்வி (திருவட்டாறு பக்கம்)

எங்களுக்கு ஒரு ஏக்கர் ரப்பர். மரத்துக்கு 26 வயது, பால் குறைந்துவிட்டது. வெட்டிவிட்டு ரம்புட்டான் ஒட்டுச்செடி வைக்கலாம் என்கிறேன். சித்தப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை ஆயிரும் மக்ளே." வீட்டில் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். பழமொழி சொன்னால் வாதம் முடிந்துவிடுமா? விளம்பரம் எழுதுவதுதானே உங்கள் பிழைப்பு, நீங்கள் சொல்லுங்கள் அக்கா.

செப்டம்பர் 9, இரவு

முடியாது. பழமொழி வாதமே இல்லை. அது உவமை. உவமைக்கு அழகு உண்டு, காரணம் கிடையாது.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. எதிர்ப் பழமொழி தேடுங்கள், நிச்சயம் கிடைக்கும். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்றால் "துணிந்தவனுக்குத் துக்கமில்லை". "பதறாத காரியம் சிதறாது" என்றால் "ஆறின கஞ்சி பழங்கஞ்சி". இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தியைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடியுமா?

என்னைப் பற்றிக் கேட்டீர்கள். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஃப்ளெக்ஸும் நோட்டீஸும் அடிக்கும் சிறிய கடை. அப்பா சுவர் விளம்பரம் எழுதினவர். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. "எழுத்து குறைஞ்சா கடைக்காரனுக்குக் காசு மிச்சம், வாசிக்கிறவனுக்கு வேலை ஜாஸ்தி" என்பார். அது என்ன வேலை என்று எனக்குப் புரிய இருபது வருடம் ஆனது.

செப்டம்பர் 11

நேற்று ஒருவர் கேட்டார்: "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" வாதம் இல்லையா?

யோசித்தேன். அது வாதம்தான், நல்ல வாதம். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. கிளறியும் விட்டாச்சு. அதனால் ஒரு பருக்கை மொத்தப் பானைக்கும் பேசலாம். ஆனால் சாயாக்கடையில் இதை எங்கே பயன்படுத்துகிறார்கள்? "அந்த ஊர்க்காரன் ஒருத்தன் என்னை ஏமாத்தினான். ஒரு சோறு பதம்." ஊர் என்ன ஒரே பானையிலா வெந்தது?

செப்டம்பர் 12

திருத்தம். கல்யாணச் சமையலுக்குப் போகும் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். வீட்டுப் பானைக்கு ஒரு சோறு சரி. பெரிய வார்ப்பில் அடிச்சோறு குழைந்திருக்கும், மேற்சோறு அரிசியாக நிற்கும். ஓரம், நடு, அடி என்று மூன்று இடத்தில் கரண்டி விட்டுப் பார்க்காமல் வடிக்கச் சொல்ல மாட்டாராம்.

கருத்துக்கணிப்பு நடத்துகிறவர்கள் இவரிடம் ஒரு முகூர்த்தம் வேலை பார்க்கலாம்.

செப்டம்பர் 14

நாளை திருவோணம். எனக்கு ராத்திரி பகலாக வேலை. இந்த வாரம் அடித்த ஓணச் சலுகை ஃப்ளெக்ஸ்களில் அதிகம் உழைத்த சொற்கள் இரண்டு: "வரை", "முதல்".

50% வரை தள்ளுபடி. ரூ. 99 முதல் சேலைகள்.

50-ஐ ஒரு ஆள் உயரத்துக்கு வைப்போம். "வரை" என்பதை அதன் காலடியில் செருப்பு அளவுக்கு வைப்போம். பொய் கிடையாது. கடையில் ஒரு மூலையில் போன வருடத்துக் கைக்குட்டை 50 சதவீதத்துக்குக் கிடக்கும். மற்றதெல்லாம் 5, 10. "வரை" என்ற சொல்லை நான் அச்சிட்டுவிட்டேன், நீங்கள் வாசிக்கவில்லை, அவ்வளவுதான். அப்பா சொன்ன "வாசிக்கிறவனுக்கு வேலை" இதுதான். மிச்சத்தை வாசிக்கிறவர் தன் ஆசையால் நிரப்பிக்கொள்வார். நிரப்பியது அவர் என்பதால் அதை அவர் சந்தேகப்படவும் மாட்டார்.

பிறகு அந்த நட்சத்திரக் குறி. "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்பதை முக்கால்வாசிப் பேர் இங்கிலீஷில் போடச் சொல்கிறார்கள். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, விளம்பரத்தில் உரிமைகோரல் எந்த மொழியோ அதே மொழியில், அதே எழுத்துருவில் குறிப்பும் இருக்க வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

(பார்த்தீர்களா, இங்கேயும் "வரை".)

இதை வாடிக்கையாளரிடம் சொன்னேன். "அக்கா, பக்கத்துக் கடைக்காரன் போட்டிருக்கான்லா?" என்றார். அவன் செய்தால் நான் செய்யலாம் என்பது வாதம் இல்லைதான். ஆனால் எதிரில் நிற்பவர் பணம் கொடுக்க வந்தவர். சிறிய எழுத்தில் தமிழில் வைத்தேன். பாதி நேர்மை.

செப்டம்பர் 15

சற்றுமுன் வாட்ஸப்பில் வந்தது: "யார் சொன்னாலும் அப்படியே நம்பாதே என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார்." வள்ளுவர் சொன்னதால் நம்பலாமா, நம்பக் கூடாதா? ஓணச் சத்யை (விருந்து) முடித்துவிட்டு யோசிக்கிறேன்.

செப்டம்பர் 29

வாதப் பிழைகளுக்குத் தமிழில் பெயர் இல்லை, எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். மணிமேகலையின் 29-வது காதையைப் பிரித்துப் பாருங்கள். அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையியல் பாடம் நடத்துகிறார். சொல்ல வந்தது பக்கம், காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். மூன்றுக்கும் போலிகள் உண்டு. பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. மொத்தம் 33.

நல்ல வாதத்துக்கு அவர் காட்டும் மாதிரி: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களை போல. அடுக்களை! சமையலறை, கிச்சன் என்று வேறு பக்கம் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் இன்றும் அடுக்களைதான். "அடுக்களையில எதுக்குப் புகை?" என்று என் அம்மாவி (மாமி) தினமும் அளவையியல் பேசுகிறார்.

போலி என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. தப்பு என்று சொல்லவில்லை. அது மாதிரியே இருக்கும், அது இல்லை. போலி நகை மாதிரி.

செப்டம்பர் 30

சிலர் கேட்டதால்: நன்னூலில் வரும் பத்துக் குற்றம் வேறு. அது நூலுக்குச் சொன்னது, வாதத்துக்கு இல்லை. ஆனாலும் அதில் இரண்டை அப்படியே தூக்கிக்கொண்டு வரலாம். ஒன்று, மற்றொன்று விரித்தல்: ரோட்டில் குழி ஏன் என்று கேட்டால் சென்ற ஆட்சியில் சாக்கடை எப்படி இருந்தது என்று ஆரம்பிப்பது. இன்னொன்று, சென்று தேய்ந்து இறுதல்: திருவிழாக் கமிட்டித் தலைவர்களின் நன்றியுரை.

நான் இப்போது செய்துகொண்டிருப்பதும் மற்றொன்று விரித்தல்தான். ரம்புட்டான் தம்பி மன்னிக்கவும்.

அக்டோபர் 6

33 போலியையும் மனப்பாடம் செய்தாலும் ஏமாறலாம் என்பதற்கு நானே திட்டாந்தம். நீளமாக எழுதப் போகிறேன்.

ஆறு வருடம் இருக்கும். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கழுத்தில் டை, கையில் பெட்டி. "எதுவும் வாங்க வேண்டாம் அக்கா, உங்க கிணற்று வெள்ளத்தை மட்டும் ஒரு டெஸ்ட் பண்ணிக் காட்டுதேன்" என்றான். அந்த "வாங்க வேண்டாம்" தான் முதல் வரி. நான் எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டான். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அவன் பாட்டிலில் கொண்டுவந்தது. பெட்டியிலிருந்து இரண்டு ஜோடி உலோகக் கம்பி வைத்த ஒரு கருவியை எடுத்து டம்ளர்களில் முக்கி, பிளக்கைச் செருகினான். கிணற்றுத் தண்ணீரில் முதலில் குமிழி. பிறகு கம்பியைச் சுற்றிப் பச்சையாக ஒரு இழை இறங்கியது. ஒரு நிமிடத்தில் பழுப்பு. இரண்டு நிமிடத்தில் மேலே நுரை கட்டி, அடியில் சகதி. அவன் தண்ணீர் பளிங்கு மாதிரி நின்றது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "இதைத்தான் குடிக்கிறீங்க" என்றுகூடச் சொல்லவில்லை. டம்ளரை மெதுவாக என் பக்கம் நகர்த்தி வைத்தான். அம்மாவி அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு இதையா குடுத்தோம்" என்றார். அவ்வளவுதான். 16,500 ரூபாய், மூன்று தவணை.

மகன் அப்போது பத்தாம் வகுப்பு. சாயங்காலம் வந்து கேட்டுவிட்டு, இரண்டு இரும்பு ஆணியும் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் எடுத்தான். புதிய இயந்திரத்தின் சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு ஆணிகளை இறக்கினான். அரை மணி நேரத்தில் அதே பழுப்பு, அதே சகதி. சகதி தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு. சாதாரணத் தண்ணீரில் உப்புகள் இருப்பதால் மின்சாரம் ஓடும், இரும்பு கரையும். அவர்கள் இயந்திரம் உப்புகளை எடுத்துவிடுவதால் மின்சாரம் சரியாக ஓடாது, கம்பி கரையாது, தண்ணீர் தெளிவாக நிற்கும். சத்தான இளநீரை வைத்திருந்தாலும் அந்தக் கம்பி சாக்கடையாக்கியிருக்கும்.

அறவண அடிகள் பாடத்தில் ஒத்த எடுத்துக்காட்டு, ஒவ்வாத எடுத்துக்காட்டு என்று இரண்டு உண்டு. சாதன்மியம், வைதன்மியம். பையனும் இரண்டு டம்ளர் வைத்தான், பார்க்க இரண்டும் இருப்பது போலவே இருந்தது. ஆனால் இரண்டு டம்ளருக்கும் நடுவில் மாறியது அழுக்கு இல்லை, உப்பு. "உன் தண்ணீரில் உப்புப் போட்டு அதே கம்பியை விடு" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கண்ணால் கண்டதை யார் கேள்வி கேட்பார்?

அக்டோபர் 9

முந்தைய குறிப்பைப் பாராட்டி நிறைய பேர். "ஆக, நம் கிணற்றுத் தண்ணீர் சுத்தம், எல்லாம் வியாபாரத் தந்திரம்" என்று நான்கு பேர்.

அப்படி நான் சொல்லவில்லை. மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கோபத்தில், அவனைப் பொய்யன் என்று நிரூபிக்க, கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்தேன். உப்பு மிகக் குறைவு, நல்ல தண்ணீர். ஆனால் கோலிஃபார்ம் கிருமி இருந்தது. கிணற்றுக்கும் கழிவுத் தொட்டிக்கும் தூரம் போதாது. அதற்குக் குளோரின் போட வேண்டும், கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். செலவு 16,500 இல்லை, விறகு.

அவன் காட்டிய காரணம் போலி. "உங்கள் தண்ணீரில் கோளாறு" என்ற முடிவு உண்மை. இரண்டும் ஒரே டம்ளரில் இருந்தன. வாதம் போலி என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் முடிவையும் சேர்த்துக் கொட்டிவிடுவது இன்னொரு போலி. நானே அதில்தான் நாலு நாள் கிடந்தேன்.

அக்டோபர் 10

அந்தப் பையன் மேல் இப்போது கோபம் இல்லை. அவனுக்கும் யாரோ அந்தப் பெட்டியைத் திறந்து காட்டித்தான் வேலைக்கு எடுத்திருப்பார்கள். அவன் வீட்டிலும் அந்த இயந்திரம் இருந்திருக்கலாம், தவணையில்.

நவம்பர் 1

மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த நாள், 1956. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு. சாயாக்கடையில் வருடா வருடம் நடக்கும் பட்டிமன்றம் இன்றும்: கேரளாவிலேயே இருந்திருந்தால்?

ஒருவர் கேரள எல்லைக் களியக்காவிளை தாண்டிய ரோட்டைக் காட்டுவார். அங்கே நல்ல இடமாகப் பார்த்து ஒரு கிலோமீட்டர், இங்கே குழியாகப் பார்த்து ஒரு கிலோமீட்டர். எதிர்க்கட்சிக்காரர் அங்கே மோசமான கிலோமீட்டரை எடுத்து வருவார். யாரும் பொய் சொல்லவில்லை. ஓட்டுநர் ஒருவர் பாவம், "ரெண்டு பக்கமும் எல்லா ரோட்டுலயும் போறவன் நான்" என்று ஆரம்பித்தார். "நீ சும்மா இரு, நீ யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு தெரியும்" என்று அடக்கிவிட்டார்கள். முழுத் தரவும் கையில் வைத்திருந்த ஒரே ஆள்.

நவம்பர் 19

மழை. மூன்று இரங்கல் ஃப்ளெக்ஸ். மூன்றிலும் "உன் பிரிவைத் தாங்காமல் வானமே அழுதது".

தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நடப்பதன் மேல் கவிஞர் தன் காரணத்தை ஏற்றுவது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையும்போது மதிற்கொடிகள் "வராதே" என்று கை காட்டின என்று இளங்கோ எழுதினால் அது அணி. காற்றுதான் காரணம் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். "எங்கள் எண்ணெய் தேய்த்தார், மூன்று மாதத்தில் முடி வளர்ந்தது" என்று நான் நோட்டீஸ் அடித்தால் அது காக்கை உட்கார்ந்து பனம்பழம் விழுந்த கதை. இரண்டுக்கும் அமைப்பு ஒன்றுதான். முதலாவதில் கண் சிமிட்டல் இருக்கிறது. இரண்டாவதில் கண் சிமிட்டல் இல்லை, விலை இருக்கிறது.

நிற்க, இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. இங்கே வானம் அழாமல் செத்துப்போவதுதான் கஷ்டம்.

நவம்பர் 20

ஒரு வைத்தியர் நோட்டீஸ்: "சர்க்கரை நோய் பூரண குணம்." முடியாது என்று திருப்பி அனுப்பினேன். 1954-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, மருந்து மற்றும் மந்திர சிகிச்சை விளம்பரங்கள் பற்றி. அதன் பட்டியலில் நீரிழிவும் உண்டு, அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது. "எங்க தாத்தா காலத்துல இருந்து குடுக்கோம்" என்றார். பழையது என்பது காரணம் ஆகுமா? தாத்தா காலத்தில் பெரியம்மையும்தான் இருந்தது.

நல்லவளாகக் காட்டிக்கொள்ள எழுதவில்லை. சட்டம் தெரியும் முன்பு அதே நோட்டீஸை நான்கு வருடம் அடித்திருக்கிறேன். எழுத்துப்பிழை இல்லாமல்.

டிசம்பர் 20

தேங்காய் எண்ணெய் பற்றி எழுதாமல் குமரிக்காரி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

"கொலஸ்ட்ரால் இல்லாத தேங்காய் எண்ணெய்." உண்மை. எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது, அது விலங்குகளின் உடம்பில் உருவாவது. எங்கள் கடை நோட்டீஸ் மையிலும் கொலஸ்ட்ரால் இல்லை, இதுவரை விளம்பரம் செய்யவில்லை. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, டாக்டர்கள் ரத்தக் கொலஸ்ட்ராலோடு சேர்த்துப் பேசுவது அதைத்தான். அதைப் பற்றி லேபிளின் முன்பக்கம் மௌனம். இல்லாததை இல்லை என்று உரக்கச் சொல்வது, இருப்பதைச் சொல்லாமல் விடுவது. (சாப்பிடாதே என்று சொல்லவில்லை. என் அவியலில் வேறு எண்ணெய் விட்டால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்.)

முந்தாநாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சின்னப் பாட்டிலில் வரும் சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலை எண்ணெயா? வருடக்கணக்கான வழக்கு. 2024-இல் சமையலுக்கு வரி 5 சதவீதம், தலைக்கு 18 ஆக இருந்தது. தலை எண்ணெய் என்று லேபிளில் குறிப்பிட்டு விற்காதவரை, பாட்டில் சின்னது என்பதற்காக மட்டும் அதைத் தலை எண்ணெய் என்று சொல்லிவிட முடியாது என்று தீர்ப்பு. எனக்கு இதில் ருசித்தது வேறு. பாட்டிலில் எங்கேயும் "தலைக்கு" என்று இல்லை. ஆனால் வாங்குகிறவர்கள் பாதிப் பேர் தலைக்குத்தான் வாங்குகிறார்கள். சொல்லாமலே சொல்லியாயிற்று. ஒட்டணி என்று அலங்கார நூலில் படித்தது, உவமையை மட்டும் சொல்லிப் பொருளைக் கேட்பவரிடம் விட்டுவிடுவது, மளிகைக் கடை அலமாரியில் நிற்கிறது.

டிசம்பர் 31

நேற்று கன்னியாகுமரியில் கண்ணாடிப் பாலம் திறந்தாயிற்று. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில், 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சிலைக்கு நாளை 25 வயது. வாட்ஸப்பில் "இந்தியாவின் முதல் கண்ணாடிப் பாலம்" என்று வந்து குவிகிறது. பீகாரில் ராஜ்கீரில் ஏற்கெனவே ஒன்று உண்டு. செய்தியில் "கடல் மேல்" என்று ஒரு சொல் இருந்தது. நாலு முறை ஃபார்வர்டு ஆனதும் அது உதிர்ந்துவிட்டது.

"இந்தியாவின் தென்கோடி" கதையும் அதேதான். நிலப்பரப்பின் தென்கோடி நாம். நாட்டின் தென்கோடி நிக்கோபாரில் இந்திரா முனை. சொன்னால் இங்கே அடிக்க வருவார்கள்.

எல்லாவற்றிலும் "முதல்" ஆகலாம், வகையைச் சுருக்கிக்கொண்டே போனால் போதும். தக்கலை பழைய தபால் ஆபீஸ் சந்தில் பெண் நடத்தும் முதல் ஃப்ளெக்ஸ் கடை என்னுடையது. போர்டில் போடலாமா என்று யோசிக்கிறேன்.

2025 பிப்ரவரி 16

இதை எழுத வேண்டும் என்று பத்து நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கொழுந்தன் மார்த்தாண்டம் பக்கம் தேன் பெட்டி வைத்திருக்கிறார். இப்போது சீசன். முதன்முதலாகச் சொந்தமாகப் பாட்டிலில் அடைத்து விற்கப் போகிறார், லேபிள் என் பொறுப்பு. ஒரு மணி நேரத்தில் முடித்தேன். மஞ்சள் பின்னணி, பெரிய சூரியகாந்தி, அதன் மேல் ஒரு தேனீ. "மலரின் தூய்மை, துளித் துளியாய்."

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மதினி, நம்ம தேனுக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்?"

தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விட்டிருந்தது, செம்பு நிறத்தில். ஒரு கொத்தைக் கீழே வளைத்து, மூன்று இலையும் சேரும் காம்பு நுனியைக் காட்டினார். ஊசிமுனை அளவுக்கு ஒரு துளி மினுங்கியது. நாக்கில் தொட்டேன். இனிப்பு. அங்கேதான் தேனீ மொய்க்கிறது. குமரித் தேனில் பெரும்பகுதி பூவில் இருந்து வருவதில்லை, ரப்பரின் இலைக்காம்பில் இருந்து வருகிறது. ஐம்பது வருடம் ரப்பருக்கு நடுவில் வாழ்ந்தவள் நான். பூ என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இலையைப் போடலாம் என்றேன். அவர் யோசித்தார். "ரப்பர் படம் போட்டா யாரு வாங்குவா? ரப்பர் வாசம் வரும்னு நினைப்பான்." அதுவும் சரிதான். பூ போட்டால் பொய், இலை போட்டால் உண்மையே பொய்யான எண்ணத்தை உண்டாக்கும். கடைசியில் வெறும் தேன்பெட்டிப் படம், ஊர்ப் பெயர், எடுத்த மாதம். "உறைந்தால் கலப்படம் என்று அர்த்தமில்லை, வெந்நீரில் பாட்டிலை வைக்கவும்" என்று ஒரு வரி. தேன் உறைவது இயல்பு. தண்ணீரில் துளி விட்டுப் பார்ப்பது, எறும்பு வருகிறதா பார்ப்பது எல்லாம் நம்பத்தகுந்த சோதனை இல்லை.

எண்பது பாட்டிலில் முப்பத்தொன்று விற்றிருக்கிறது. பக்கத்துக் கடையில் சூரியகாந்திப் படம் போட்டது தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 17

மேலே கடைசி வரியைப் படித்துவிட்டு "ஆகவே பொய்தான் விற்கும்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் விலை 40 ரூபாய் குறைவு. அதை எழுதாமல் விட்டுவிட்டேன். பழக்கம்.

மார்ச் 2

ரம்புட்டான் தம்பிக்கு.

செப்டம்பரில் "பழமொழி வாதமே இல்லை" என்று எழுதினேன். வாபஸ். இந்த ஆறு மாதத்தில் எனக்கு மாறியது அதுதான். பழமொழியும் என் ஃப்ளெக்ஸ் மாதிரிதான், எழுத்து மிச்சம் பிடித்தது. மீதி வேலை கேட்பவருக்கு. வித்தியாசம், ஃப்ளெக்ஸ்காரி பக்கத்தில் இருக்க மாட்டாள். சித்தப்பா அடுத்த அறையில் இருக்கிறார். கேட்கலாம். எதிர்ப் பழமொழி சொல்லி மடக்க வேண்டாம், அது நான் சொன்ன தப்பான யோசனை. "சித்தப்பா, இதில் அரசன் யாரு, புருஷன் யாரு?" என்று மட்டும் கேளுங்கள்.

மார்ச் 8, அதே வாசகர்

கேட்டேன் அக்கா. முதலில் முறைத்தார். பிறகு அரை மணி நேரம் பேசினார். புருஷன் என்றது ரப்பரை இல்லையாம், மாதாமாதம் வரும் காசை. ரம்புட்டான் வருடத்தில் இரண்டு மூன்று மாதம், அதுவும் ஒட்டுச்செடி காய்க்க மூன்று நான்கு வருடம். அதுவரை வீட்டுச் செலவு எங்கே? காய்த்தாலும் வவ்வால். வலை போட மரத்துக்கு எவ்வளவு என்று விசாரித்தாயா என்றார். நான் விசாரிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மரத்தில் எத்தனை கிலோ என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். ஒரு சோறு.

இப்போது பாதி ரப்பரை வெட்டலாம் என்ற வரைக்கும் வந்திருக்கிறார். உங்களைப் பற்றியும் சொன்னேன். "ஃப்ளெக்ஸ் அடிக்கிறவ பேச்சைக் கேட்டா மரத்தை வெட்டப் போறே?" என்றார்.

மார்ச் 8, இரவு

ஆளைப் பார்த்துப் பேச்சை ஒதுக்குவது போலி என்று எழுத வாயெடுத்தேன். ஆனால் நான் எதற்குக் கூலி வாங்குகிறேன் என்று அவருக்குத் தெரியும். இந்தத் தடவை அவர் பக்கம்தான் நியாயம்.

வலைக்கு எவ்வளவு என்று சொன்னார்களா?